தம் கட்டி நுரையீரலை அளக்க முடியாது மக்களே!

1/
"மூச்சை இழுத்துப் பிடிங்க. இந்தப் பந்து கடைசிப் புள்ளிக்குப் போற வரைக்கும் பிடிச்சுட்டீங்கன்னா உங்க நுரையீரல் சூப்பர்!"

இந்த வீடியோ உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். கொரோனா காலத்துல பரவின வியாதி இது. இன்னும் குணமாகல. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
2020-ல் வந்த மெசேஜ் ஞாபகம் இருக்கா? "10 விநாடி இருமாம மூச்சைப் பிடிச்சா உங்களுக்கு கொரோனா இல்லை." உலக சுகாதார நிறுவனமே இது தவறுன்னு அறிவிக்க வேண்டி வந்தது.

அந்த 10 விநாடி இப்போ 60 விநாடி ஆயிடுச்சு. கொரோனாங்கற வார்த்தைக்குப் பதிலா "நுரையீரல் பலம்"னு வந்திருக்கு. சரக்கு அதேதான், லேபிள் மட்டும் புதுசு.

3/
நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு.

அந்த விநாடிக் கணக்கு உங்க நுரையீரலை அளக்கல. உடம்பு "போதும் விடு"ன்னு கெஞ்ச ஆரம்பிச்ச பிறகு நீங்க எவ்வளவு நேரம் பிடிவாதமா இருந்தீங்கங்கறதையும் சேர்த்துத்தான் அளக்குது. இது என் சொந்த அபிப்பிராயம் கிடையாது. தசையில் ஓடும் மின்சாரத்தை அளந்து 60 வருஷத்துக்கு முன்னாடியே பார்த்தாச்சு.

4/
முதல்ல அடிப்படை. நம்ம எலும்புத் தசை எதுவும் தானா சுருங்காது. மூளையிலிருந்து நரம்பு வழியா உத்தரவு வரணும். அந்த உத்தரவு தசையைத் தொடும்போது தசை நார்களில் சின்னதா ஒரு மின்னோட்டம் ஓடும். தோல் மேல மின்முனை ஒட்டி அதைப் பதிவு பண்ணலாம். இதுக்குப் பேர்தான் இ.எம்.ஜி. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எப்படியோ, தசைக்கு இ.எம்.ஜி. அப்படி.

5/
மூச்சு இழுக்குற வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துக்கு. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி கவிழ்ந்து நிற்கும் தசை. அது சுருங்கிக் கீழே இறங்கினா காத்து உள்ளே வரும். தளர்ந்து மேலே போனா காத்து வெளியே போகும். இதுக்கு உத்தரவு கொண்டு வர்ற ஃப்ரெனிக் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்புது.

நுரையீரல்ல தன்னால சுருங்கி விரிஞ்சு மூச்சு இழுக்குற தசை கிடையாது. அது ஒரு பஞ்சுப் பை. இழுத்தா விரியும், விட்டா சுருங்கும்.

6/
இந்த உதரவிதானத்தின் மின்சாரத்தை அளக்குறது லேசுப்பட்ட வேலை இல்லை. கீழ் விலா எலும்புகளுக்கு நடுவுல மின்முனை ஒட்டுவாங்க. அங்கே கிடைக்கிற சிக்னல் மைக்ரோவோல்ட் கணக்கு. பக்கத்துலயே இதயம் மில்லிவோல்ட் கணக்குல துடிச்சுக்கிட்டு இருக்கு. கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம், தவில் முழங்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் காதோட பேசுறதைக் கேக்குற மாதிரி.

துல்லியமா வேணும்னா மூக்கு வழியா மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள்ள இறக்கி, உதரவிதானத்துக்குப் பக்கத்திலேயே மின்முனையை நிறுத்தணும். கையில கட்டுற வாட்ச்சும் செல்ஃபோனும் இதைப் பார்க்காது. யாராவது ஆப் விற்க வந்தா உஷாரா இருங்க.

7/
சரி, இதையெல்லாம் மாட்டிக்கிட்டு ஒருத்தர் நல்லா மூச்சை இழுத்து அடக்குறார். கோட்டுல என்ன தெரியும்?

முதல் கட்டம் அமைதி. வழக்கமா நிமிஷத்துக்குப் பத்து பதினைஞ்சு தடவை வர்ற அந்த மூச்சுத் துடிப்பு நின்னு போகும். ஆளும் சௌகரியமா இருப்பார். "இவ்வளவுதானா"ன்னு ஒரு சிரிப்பு கூட வரும்.

8/
இரண்டாம் கட்டம் போராட்டம். அவர் இன்னும் வாயையும் குரல்வளையையும் இறுக்கி மூடித்தான் வச்சிருக்கார். ஆனா இ.எம்.ஜி. கோட்டுல திடீர்னு ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொண்ணு. வர வர துடிப்பு நெருக்கமாகும், உயரமும் கூடும். உதரவிதானம் அவர் பேச்சைக் கேக்காம தானா சுருங்குது. வயிறு வெட்டி வெட்டி இழுக்குறது வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். காத்து மட்டும் வராது, ஏன்னா கதவை அவர் சாத்தி வச்சிருக்கார்.

9/
இத்தாலிய உடலியல் விஞ்ஞானி எமிலியோ அகோஸ்டோனி 1963-லேயே, மூச்சை அடக்கும்போது உதரவிதானத்தின் மின்சாரம் எப்போ திரும்ப ஆரம்பிக்குதுன்னு அளந்து எழுதிட்டார். 1974-ல் லின் என்பவரும் அவர் குழுவினரும் இதுக்கு இரண்டு பேர் வச்சு தெளிவாப் பிரிச்சாங்க.

ஒண்ணு, தானா துடிப்பு தொடங்கும் புள்ளி. இது உடலியல் எல்லை.
இன்னொண்ணு, ஆள் தாங்க முடியாம மூச்சை விடும் புள்ளி. இதைத்தான் நாம வழக்கமா "எல்லை"ன்னு சொல்றோம்.

10/
இப்போ வீடியோவுக்கு வாங்க. அந்தப் பந்து அளக்குறது இரண்டாவது புள்ளியை மட்டும்தான்.

ஒரு உதாரணத்துக்கு இரண்டு பேர். ரெண்டு பேருக்கும் 40-வது விநாடியில உதரவிதானம் துடிக்க ஆரம்பிக்குது. ஒருத்தர் 45-ல் விட்டுடறார். இன்னொருத்தர் பல்லைக் கடிச்சுக்கிட்டு 90 வரைக்கும் போறார். வீடியோ படி முதல் ஆள் நோயாளி, இரண்டாவது ஆள் பயில்வான். இ.எம்.ஜி. படி ரெண்டு பேர் உடம்பும் ஒரே நேரத்துல ஒரே கோரிக்கையைத்தான் வச்சது.

11/
"ஆக்சிஜன் தீர்ந்து போனதால தானே டாக்டர் மூச்சை விடுறோம்?" பலர் இதைக் கேக்குறாங்க. கணக்குப் போடுவோம்.

நல்லா இழுத்த நுரையீரல்ல சுமாரா 6 லிட்டர் காத்து. அதுல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 900 மில்லி. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 250 மில்லி செலவு பண்ணும். ஒரு நிமிஷத்துல மூணுல ஒரு பங்கு கூட தீரல! இருந்தும் பெரும்பாலானவங்க அதுக்குள்ள விட்டுடுவாங்க. அப்போ நிறுத்துறது எது?

12/
பெரிய பங்கு கரியமில வாயுவுக்கு. அது ரத்தத்துல ஏற ஏற மூளையின் முகுளப் பகுதி மூச்சு உத்தரவை வலுவாக்கும். ஆனா அதுவும் முழுக் கதை இல்லை.

1954-ல் ஃபவுலர் என்ற ஆய்வாளர் ஒரு வேடிக்கையான சோதனை பண்ணினார். ஆட்கள் தாங்க முடியாத கட்டம் வரை மூச்சை அடக்கினாங்க. உடனே நல்ல காத்து கொடுக்காம, ஆக்சிஜன் குறைஞ்சு கரியமில வாயு மிகுந்த மட்டமான கலவையை சில தடவை சுவாசிக்கக் கொடுத்தார். ரத்தத்தின் நிலைமை கொஞ்சமும் தேறல. ஆனா அவங்களுக்கு "அப்பாடா"ன்னு இருந்தது. மறுபடியும் மூச்சை அடக்க முடிஞ்சது!

13/
அதாவது, வாயு மாறாமலே, நெஞ்சு ஒரு தடவை விரிஞ்சு சுருங்கினதே ஆறுதல் கொடுத்துடுச்சு.

1960-களில் மோரன் கேம்ப்பெல் குழு இன்னும் ஒரு படி மேலே போச்சு. முழு நினைவோட இருந்த இரண்டு தன்னார்வலர்களுக்கு க்யூராரே வகை மருந்து கொடுத்து தசைகளைச் செயலிழக்க வச்சாங்க. சைகை காட்ட ஒரு முன்கை மட்டும் வேலை செய்யும். அப்புறம் செயற்கை சுவாசத்தை நிறுத்தினாங்க. 4 நிமிஷம் ஆகியும் அவங்களுக்குப் பெரிய தவிப்பு இல்லை. பார்த்துக்கிட்டிருந்த மயக்க மருத்துவர்தான் போதும்னு நிறுத்தினார். (வீட்டுல கனவுல கூட முயற்சி பண்ணாதீங்க.)

14/
உடனே "அப்போ எல்லாமே தசைதான்"னு முடிவு கட்டிடாதீங்க. 1990-ல் பான்செட் குழு தசை செயலிழந்த ஆட்களுக்கு கரியமில வாயுவை ஏத்திப் பார்த்தாங்க. அவங்களுக்குக் காத்துக்கான தவிப்பு நல்லாவே தெரிஞ்சது.

ஆக மூச்சை விடும் கணத்தைத் தீர்மானிக்கிறது பல சங்கதிகள். ரத்தத்தின் கரியமில வாயு, ஆக்சிஜன், ஆரம்பத்துல எவ்வளவு காத்து இழுத்தீங்க, உதரவிதானத்தின் துடிப்பு, பயம், பழக்கம், பக்கத்துல யார் பார்த்துக்கிட்டு இருக்காங்க. மனக்கணக்கு போட்டுக்கிட்டே பிடிச்சா நேரம் கூடும். மனக்கணக்கு போட்டா நுரையீரல் பலமாகுமா என்ன?

15/
இந்த இடத்துல ஒருத்தர் கண்டிப்பா வருவார். "ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டரே என்னை மூச்சை அடக்கச் சொன்னாரே!"

நியாயமான கேள்வி. சொல்லுவாங்க, உண்மைதான். படுக்கை ஓரத்துல செய்யும் எளிய சோதனை அது. 25 விநாடிக்கு மேல பிடிச்சா நிம்மதி, 15-க்குக் கீழன்னா யோசிப்பாங்க. ஆனா அவர் அதை மட்டும் வச்சு முடிவு பண்ணல. உங்க மாடிப்படி கதை, ஸ்டெதஸ்கோப், எக்ஸ்ரே, தேவைப்பட்டா ஸ்பைரோமெட்ரி, எல்லாத்தோடயும் சேர்த்துப் பார்த்தார். யாருக்கு இன்னும் சோதனை வேணும்னு பிரிக்க அது ஒரு சல்லடை. ஆரோக்கியத்துக்குச் சான்றிதழ் தர்ற முத்திரை கிடையாது.

16/
இன்னொண்ணும் இருக்கு. கட்டுவிரியன் கடிச்சு வந்தவங்களையும், கில்லன் பாரே மாதிரி நரம்புத் தளர்ச்சி நோயாளிகளையும் "நல்லா மூச்சை இழுத்து ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க"ன்னு சொல்லுவோம். கபடிப் பாட்டு மாதிரி. காலையில 30 எண்ணினவர் மதியம் 15-ல் நின்னா அலாரம். மூச்சுத் தசை தோத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இதுல மூச்சை அடக்கல, விட்டுக்கிட்டே எண்ணுறாங்க. அதே ஆளை அவரோடயே ஒப்பிட்டுப் பார்க்கிறோம், பக்கத்துல வென்டிலேட்டரோட. வாட்ஸ்அப் பந்துக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை.

17/
"சரி டாக்டர், தப்புன்னே வச்சுக்குவோம். சும்மா ஒரு விளையாட்டு வீடியோதானே? ஏன் இவ்வளவு கோவம்?"

மூணு காரணம் இருக்கு. மூணாவதுல உயிர் போகுது.

18/
காரணம் ஒண்ணு: பொய் நிம்மதி.

20 வருஷமா பீடி குடிக்கும் மனுஷன். காலையில சளி, மாடி ஏறினா இளைப்பு. வீடியோ பார்த்து ஒரு நிமிஷம் பிடிச்சுட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு அடுத்த பீடியைப் பத்த வைக்கிறார். சுருங்கிப் போன காற்றுக்குழாயை மூச்சை அடக்கிக் கண்டுபிடிக்க முடியாது. அது எவ்வளவு வேகமா காத்தை வெளியே தள்ள முடியுதுங்கறதுல தெரியும். அதுக்குத்தான் ஸ்பைரோமெட்ரி. ஒரு நிமிஷம் தம் கட்டுற ஆளுக்கும் சி.ஓ.பி.டி. இருக்க முடியும்.

19/
காரணம் இரண்டு: பொய் பயம்.

30 விநாடியில விட்டவங்க பாதி ராத்திரி உட்கார்ந்து நெட்டுல தேடுறாங்க. பதற்றம் வந்தா மூச்சு வேகமாகும், திரும்பப் பிடிச்சா இன்னும் சீக்கிரம் விட்டுடுவாங்க. பயம் இன்னும் கூடும். இவங்க நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகல. தூக்கம்தான் போச்சு.

20/
காரணம் மூணு: தண்ணி.

விநாடிதான் பெருமைன்னு சொல்லிட்டா, அதைக் கூட்ட குறுக்கு வழி தேடுவாங்க. அந்த வழி ரொம்ப சுலபம். முங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா ஆழமா இருபது முப்பது தடவை மூச்சு விடுறது. பசங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுக்கிற "டெக்னிக்" இது. நெட்டிலும் நிறைய கிடைக்கும்.

21/
அப்படிச் செய்தா ஆக்சிஜன் நிறைய சேரும்னு நினைக்கிறாங்க. சேராது. சாதாரண நிலையிலேயே ரத்தத்தின் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கு. நிரம்பிய குடத்துல மேல மேல ஊத்தி என்ன பிரயோஜனம்?

அந்த வேக மூச்சு செய்யுற பெரிய வேலை ஒண்ணுதான். கரியமில வாயுவை வெளியே துரத்துறது. அதாவது அலாரத்தின் பேட்டரியைக் கழட்டுறது.

22/
இப்போ தண்ணிக்குள்ள என்ன நடக்கும்னு பாருங்க. கரியமில வாயு ரொம்பக் கீழே இருந்து ஏற ஆரம்பிக்குது. அதனால உதரவிதானத்தின் அந்த எச்சரிக்கைத் துடிப்பு தாமதமாகும். பையன் ஜாலியா கை கால் அடிச்சு நீந்திக்கிட்டு இருக்கான். நீந்தும் தசை ஆக்சிஜனை உட்கார்ந்திருப்பதை விடப் பல மடங்கு வேகமா குடிக்குது. துடிப்பு வந்து "மேலே போ"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே மூளைக்கு ஆக்சிஜன் பத்தாம போயிடும். கத்தல் இல்லை, தத்தளிப்பு இல்லை. சுவிட்ச் அணைச்ச மாதிரி மயக்கம்.

23/
ஆழத்திலிருந்து மேலே வரும்போது இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மேலே வர வர அது பாதியாகும், நுரையீரல்ல இருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடவே விழும். கையெட்டும் தூரத்துல வெளிச்சம் தெரியும். அங்கேதான் நினைவு தப்பும்.

24/
மயங்கின பிறகு உடம்பு சும்மா இருக்காது. பிடிவாதம் பிடிச்ச மனசு தூங்கிடுச்சு, உதரவிதானம் தன் வேலையைச் செய்யும். மூச்சை இழுக்கும். இந்தத் தடவை உள்ளே வர்றது தண்ணி.

25/
இதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆல்பர்ட் கிரெய்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1961-லேயே, நீருக்கடியில் நீந்தும்போது நினைவு தப்புவது ஏன்னு எழுதி, முன்கூட்டியே வேகமா மூச்சு விடும் பழக்கத்தைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தினார். 1976-ல் இப்படிப்பட்ட 58 சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டார்.

கவனிங்க. இதுல மாட்டுறவங்க நீச்சல் தெரியாதவங்க இல்லை. நல்லா நீந்துறவங்க. "அவனுக்கு என்ன, மீன் மாதிரி நீந்துவான்"னு வீட்டுல தைரியமா விட்ட பிள்ளைங்க.

26/
நம்ம ஊர்ல கோடை லீவு விட்டா கிணறு, ஏரி, குவாரிப் பள்ளம். "யாரு ரொம்ப நேரம் முங்கி இருக்கான்னு பார்ப்போம்" என்பது தலைமுறை தலைமுறையா வர்ற பந்தயம். பச்சைத் தண்ணியில ஆள் அமிழ்ந்தா மேலே இருந்து தெரியாது. கரையில இருக்கும் பசங்க "டேய், ஜெயிச்சுட்டான்டா"ன்னு கைதட்டிக்கிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல போகும் ஒவ்வொரு விநாடியும் மூளையிலிருந்து போகுது.

27/
"ஃப்ரீடைவிங் வீரர்கள் 11 நிமிஷம் அடக்குறாங்களே?" ஆமா. 2009-ல் ஸ்தெஃபான் மிஃப்சூத் 11 நிமிஷம் 35 விநாடி. அவர் தண்ணியில அசையாம மிதந்துக்கிட்டு செஞ்சார். பல வருஷப் பயிற்சி, பக்கத்துல மீட்பு ஆட்கள். முறையான பயிற்சியில் முதல் பாடமே "தனியா செய்யாதே". வேக மூச்சு விடாதேன்னும் சொல்லித் தருவாங்க. 20 நிமிஷத்துக்கு மேல்னு வர்ற சாதனைகள் முன்கூட்டியே சுத்த ஆக்சிஜன் சுவாசிச்சுட்டு செய்யப்படுபவை. ரீல்ஸ்ல இதைச் சொல்லமாட்டாங்க.

28/
பிராணாயாமம் பண்றவங்க கோவிச்சுக்காதீங்க. பாயில உட்கார்ந்து, தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்கிட்டு, உடம்பு கேக்கும்போது மூச்சை விட்டுடுற பயிற்சியோட எனக்குச் சண்டை இல்லை. இதய நோய், அதிக ரத்த அழுத்தம், கர்ப்பம் இருக்குறவங்க மட்டும் நீண்ட கும்பகத்துக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஆனா வேக மூச்சுப் பயிற்சி முடிச்ச கையோட தண்ணிக்குள்ள இறங்காதீங்க. இதுல சமரசமே கிடையாது.

29/
அப்போ மூச்சை அடக்குறதே வீணா? இல்லை. இடது மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுக்கும்போது ஆழமா இழுத்து சுமார் 20 விநாடி பிடிக்கச் சொல்லுவாங்க. நுரையீரல் விரிஞ்சு இதயம் கதிர் பாதையிலிருந்து விலகி நிற்கும். சி.டி. ஸ்கேன்லயும் படம் கலங்காம இருக்க பிடிக்கச் சொல்றாங்க. அங்கே விநாடிக்கு ஒரு வேலை இருக்கு.

உதரவிதான இ.எம்.ஜி.யும் ஆய்வகத்தோட நிக்கல. ஐ.சி.யு.வில் உணவுக்குழாய் மின்முனை மூலமா அந்தத் துடிப்பைப் படிச்சு, நோயாளி மூச்சு கேக்கும் அதே நொடியில, கேக்கும் அளவுக்கே காத்து கொடுக்கும் வென்டிலேட்டர் முறை இருக்கு. குறைமாதக் குழந்தைகளுக்குக் கூடப் பயன்படுது. உடம்பின் கோரிக்கையைக் கேட்டு உதவுறது அது. வீடியோ சொல்லித் தர்றது, அந்தக் கோரிக்கையை எவ்வளவு நேரம் மிதிச்சு வைக்கலாம்னு.

30/
நுரையீரல் பத்தி உண்மையாவே கவலையா? இதைச் செய்ங்க.
- பீடி, சிகரெட் நிறுத்துங்க.
- இரண்டு வாரத்துக்கு மேல இருமலா? மாடி ஏற முன்னை விட இளைப்பா? டாக்டரைப் பாருங்க. இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை அவசியம், காசநோய் இன்னும் நம்ம ஊரை விட்டுப் போகல.
- டாக்டர் சொன்னா ஸ்பைரோமெட்ரி எடுங்க.
- விறகடுப்புப் புகை, குவாரித் தூசி, பஞ்சு மில் தூசி இதுல வேலை செய்றவங்க அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

31/
தண்ணிக்கு நாலு விதி. பிள்ளைங்ககிட்ட இன்னைக்கே சொல்லுங்க.
- முங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு விடக்கூடாது.
- யார் ரொம்ப நேரம்னு பந்தயம் கூடாது.
- தனியா முங்கக்கூடாது. கரையில ஒருத்தர் கண்ணை எடுக்காம பார்க்கணும்.
- முதல் துடிப்பு வந்ததும் மேலே வந்துடணும். அது கோழைத்தனம் கிடையாது.

32/
யாராவது தண்ணிக்குள்ள அசையாம இருந்தா, விளையாடுறான்னு நினைச்சுக் காத்திருக்காதீங்க. வெளியே எடுங்க. தலைகீழா தூக்கிச் சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. மூச்சு இல்லைன்னா வாயோடு வாய் வச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ங்க. ஒருத்தர் 108-க்கு அடிக்கட்டும்.

33/
கடைசியா, இந்த வீடியோ தயாரிக்கிறவங்களுக்கு. உங்களுக்கு வியூஸ் வேணும், புரியுது. அந்தப் பந்து ஓடும்போது கீழே "தண்ணிக்குள்ள முயற்சிக்காதீர்கள், இது நுரையீரல் சோதனை அல்ல"ன்னு இரண்டு வரி போட எவ்வளவு செலவாகும்? போடமாட்டீங்க. போட்டா யாரும் விளையாடமாட்டாங்க.

34/
நீங்க ஒரு உதவி பண்ணுங்க. அந்த வீடியோ அடுத்த தடவை குரூப்புல வந்தா, அனுப்பின சித்தப்பாவோட சண்டை போட வேண்டாம். 20-லிருந்து 26 வரைக்கும் இருக்கறதை மட்டும் கீழே போட்டுவிடுங்க. அந்த குரூப்புல நீச்சல் தெரிஞ்ச ஒரு பிள்ளையோட அம்மா கட்டாயம் இருப்பாங்க.